பெஸ்ஸி ஸ்மித்: மூன்று நிமிட இசைத்தட்டும் ஒரு பெரிய குரலும்

1925 ஜனவரி 14. நியூயார்க்கில் கொலம்பியா நிறுவனத்தின் ஒலிப்பதிவு அறை. அமெரிக்கக் கறுப்பினப் பாடகி பெஸ்ஸி ஸ்மித் பாடுகிறார், ஃப்ரெட் லாங்ஷா ஹார்மோனியம் வாசிக்கிறார், 23 வயது லூயி ஆம்ஸ்ட்ராங் கார்னெட் ஊதுகிறார். பாடல், டபிள்யூ. சி. ஹேண்டி 1914இல் வெளியிட்ட ‘செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்’. டிரம் கிடையாது, பாஸ் கிடையாது, மைக்கும் கிடையாது. அன்று பதிவான மூன்று நிமிடச் சொச்சம், ஜாஸ் பாட்டு என்றால் என்ன என்று கேட்பவருக்கு இன்றும் முதலில் போட்டுக்காட்ட வேண்டிய பதிவு.

அந்தப் பதிவில் தாளத்தை யார் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று கவனித்துக் கேளுங்கள். பியானோவில் கட்டையைத் தட்டினால் ஒலி ‘டக்’ என்று பிறக்கும். அது தானாகவே தாளம் போடும். ஹார்மோனியத்தின் ஒலியோ காற்றில் ஊறி வருவது. தொடக்கமும் முடிவும் மழுங்கலாக இருக்கும். லாங்ஷா கார்டுகளை (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டங்களை) நீளமாகப் பிடித்து ஒரு தரையை மட்டும் விரித்துவிடுகிறார். அந்தத் தரையில் காலடி வைத்து நடப்பது பெஸ்ஸியின் குரல். அவர் ஒவ்வொரு வரியை முடிக்கும்போதும் ஆம்ஸ்ட்ராங் கார்னெட்டில் பதில் சொல்கிறார். பாடகி, பக்கவாத்தியம் என்ற பாகுபாடே அங்கு இல்லை, இருவர் பேசிக்கொள்வதுபோலத்தான் இருக்கிறது.

பெஸ்ஸியைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பாதி அவருடைய மரணத்தைப் பற்றியது. மீதியில் பாதி குடி, சண்டை, காதல். அதனால் அவர் கைவசம் வைத்திருந்த தொழில்நுட்பம் பின்னுக்குப் போய்விட்டது. அதையே முன்னால் வைத்துப் பார்ப்போம்.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டு வடிவமான ப்ளூஸின் அடிப்படைக் கட்டமைப்பு எளிமையானது. நான்கு அடி கொண்டது ஒரு பார். பன்னிரண்டு பார் சேர்ந்தால் ஒரு சுற்று, அதாவது 48 அடி. ஒரு சுற்றில் மூன்று வரிகள். முதல் வரியைச் சொல்லி, அதையே திரும்பச் சொல்லி, மூன்றாவது வரியில் முடிப்பு. ஒவ்வொரு வரிக்கும் நான்கு பார் இடம் இருந்தாலும் பாடகி ஏறக்குறைய இரண்டரை பாரில் வரியை முடித்துவிடுவார். மீதி ஒன்றரை பார் வாத்தியத்துக்கு. ஆம்ஸ்ட்ராங் பதில் சொல்லும் இடம் அதுதான்.

இப்போது நேரக் கணக்கு. அன்றைய பத்து அங்குல இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம். நிமிடத்துக்கு 72 அடி என்ற நிதானத்தில் பாடினால் ஒரு சுற்றுக்கு 40 விநாடி ஆகும். முன்னிசைக்கு நான்கு பார் ஒதுக்கினால் அது 13 விநாடி. அப்படியானால் ஒரு பக்கத்தில் நான்கு சுற்றுக்கு மேல் இடமில்லை. நான்கு சுற்றில் பன்னிரண்டு வரி, அதிலும் நான்கு வரி திரும்ப வருபவை. ஒரு பெண்ணின் துயரத்தையோ கோபத்தையோ எட்டே புது வரிகளில் சொல்லி முடிக்க வேண்டும். வேகமாகப் பாடியிருந்தால் இன்னும் இரண்டு சுற்று கிடைத்திருக்கும். பெஸ்ஸி அதைச் செய்யவில்லை. வரியைக் குறைத்துக்கொண்டு காலத்தை விரித்தார். 1928இல் ‘எம்ப்டி பெட் ப்ளூஸ்’ ஒரு பக்கத்தில் அடங்காமல் போனபோது பாட்டை விரைவுபடுத்தாமல் தட்டின் இரு பக்கங்களுக்கும் பகிர்ந்து பாடினார்.

குரலின் வீச்சு பெரிதல்ல. பல பாடல்களில் ஒரு ஸ்தாயிக்குள்ளேயே நின்றுவிடுவார், சிலவற்றில் நான்கைந்து சுரங்களோடு சரி. ஒரு சுரத்தை மையமாகப் பிடித்துக்கொண்டு வரி முழுவதையும் அதைச் சுற்றியே கட்டுவார். ஹேண்டியின் மெட்டு அச்சில் ஒருவிதமாக இருக்கும். பெஸ்ஸி அதைத் தன் மைய சுரத்துக்கு இழுத்து வேறு மெட்டாக்கிவிடுவார். மேலே எகிறிக் கைதட்டு வாங்கும் வழி அவருடையதல்ல.

அந்தச் சில சுரங்களுக்குள் நடப்பதுதான் விஷயம். ப்ளூஸில் மூன்றாவது சுரம் பியானோவின் எந்தக் கட்டையிலும் இல்லாத இடத்தில் நிற்கும். கர்நாடக இசை கேட்டுப் பழகிய காதுக்கு இப்படிச் சொல்லலாம்: சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவில் ஓர் இடம், அதுவும் அசையாமல் நிற்பதில்லை. பெஸ்ஸி கீழிருந்து வழுக்கி அந்த இடத்தைத் தொட்டு, சிலசமயம் மேலே ஏறி, சிலசமயம் அப்படியே சரிந்து வருவார். கமகத்தோடு இதை ஒன்றாக்கிவிட வேண்டாம், இரண்டின் இலக்கணமும் வேறு. ஆனால் ‘சுரம் ஒரு புள்ளியல்ல, ஒரு வழி’ என்பதை அறிந்தவருக்குப் பெஸ்ஸியின் பாட்டு அந்நியமாகப் படாது.

அடுத்தது, வரியை எங்கே எடுக்கிறார் என்பது. அடி விழுந்தபின் சற்றுத் தாமதித்து எடுப்பார், நம் அநாகத எடுப்பைப் போல. ஆனால் தாமதத்தின் அளவு ஒரே வரிக்குள்ளேயே மாறும். மூச்சையும் வாக்கியத்தின் முடிவில் எடுக்க மாட்டார். நடுவில், முக்கியமான சொல்லுக்குச் சற்று முன்னால் நிறுத்துவார். அந்த வெற்றிடத்துக்குப் பிறகு வரும் சொல் கல் விழுந்ததுபோல் விழும். இதைப் பின்பற்றப் பார்க்கும் பாடகர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். தாமதத்தை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். வரியின் கடைசியில் மீண்டும் அடியில் வந்து சேர்வதை மறப்பார்கள். பாட்டு தொய்ந்துவிடும்.

இதெல்லாம் பதிவறையில் கற்றதல்ல. பெஸ்ஸி டென்னஸி மாநிலத்தின் சட்டனூகாவில் பிறந்தவர். திருமண விண்ணப்பத்தில் அவர் கொடுத்த பிறந்த தேதி 1894 ஏப்ரல் 15. ஒன்பது வயதுக்குள் தாய், தந்தை இருவரையும் இழந்தார். அக்கா வயோலா வளர்த்தார். சகோதரர் ஆண்ட்ரூ கிட்டார் வாசிக்க, பெஸ்ஸி தெருமுனையில் பாடி ஆடிக் காசு சேர்த்தார். 1912இல் அண்ணன் கிளாரன்ஸ் இருந்த மோசஸ் ஸ்டோக்ஸ் குழுவில் சேர்ந்தபோது அவருக்குக் கிடைத்தது பாடகி வேலையல்ல, ஆட்டக்காரி வேலை. ஏனென்றால் அந்தக் குழுவில் ஏற்கெனவே மா ரெய்னி என்ற பாடகி இருந்தார். ரெய்னி இவரைக் கடத்திக்கொண்டுபோய்ப் பாட்டுக் கற்றுக்கொடுத்தார் என்றொரு கதை நெடுநாள் உலவியது. அது வெறும் கதைதான்.

அடுத்த பத்தாண்டு கூடாரங்களிலும் கறுப்பின மக்களுக்கான அரங்குகளிலும் கழிந்தது. அட்லாண்டாவின் ‘81’ தியேட்டர் அவருடைய தாய்வீடு போல ஆயிற்று. மைக் இல்லாத காலம் அது. நூற்றுக்கணக்கானோர் பேச்சும் சிரிப்புமாக உட்கார்ந்திருக்கும் கூடாரத்தின் கடைசி வரிசைக்குச் சொல் போய்ச் சேர வேண்டும். உயிரெழுத்தைத் திறந்து நீட்டுவதும், வல்லெழுத்தை அழுத்தி உடைப்பதும், நிதானமாகப் பாடுவதும் அங்கே பழகியவை. இந்தப் பழக்கமே பின்னால் ஒலிப்பதிவில் கைகொடுத்தது.

1920 ஆகஸ்டில் மேமி ஸ்மித் (உறவல்ல, பெயர் ஒற்றுமைதான்) ஓகே நிறுவனத்துக்குப் பாடிய ‘கிரேஸி ப்ளூஸ்’ நன்றாக விற்றது. கறுப்பின மக்களும் இசைத்தட்டு வாங்குவார்கள் என்று கம்பெனிகளுக்கு அப்போதுதான் உறைத்தது. ப்ளூஸ் பாடும் பெண்களைத் தேடி ஓடினார்கள். அப்படியும் பெஸ்ஸியைச் சோதித்துப் பார்த்த நிறுவனங்கள் ‘குரல் முரடு’ என்று திருப்பி அனுப்பின. அவர்களுக்கு வேண்டியிருந்தது நகர மேடைக்கேற்ற வழவழப்பான குரல். கொலம்பியாவின் ஃப்ராங்க் வாக்கர்தான் 1923 பிப்ரவரியில் அவரை அழைத்தார்.

அன்றைய பதிவு முறையைச் சற்றுப் பார்க்க வேண்டும். பெரிய புனல் ஒன்று. அதன் குறுகிய முனையில் மெல்லிய சவ்வுத்தகடு, அதோடு இணைந்த வெட்டுமுனை, அதன் கீழே சுழலும் மெழுகுத் தட்டு. மின்சாரப் பெருக்கம் கிடையாது. பாடுபவரின் மூச்சு விசையே மெழுகை வெட்டியாக வேண்டும். மென்மையாகப் பாடினால் தடம் ஆழமாக விழாது, தேய்மான இரைச்சலில் குரல் மூழ்கிவிடும். உரக்கப் பாடினால் வெட்டுமுனை துள்ளிப் பக்கத்துத் தடத்தை உடைத்துவிடும். எனவே உச்சம் வரும்போது பாடுபவர் பின்னால் நகர வேண்டும். அதே அபாயத்துக்காகத்தான் பெரிய டிரம்மை அறைக்குள்ளேயே விடமாட்டார்கள். ‘ஸ’, ‘ஷ’ போன்ற உரசொலிகள் அந்தப் புனலில் ஏறவே ஏறாது. அதனால் நுனிநாக்கில் அழகாகப் பேசிப் பாடியவர்களின் சொற்கள் தட்டில் மங்கின; கூடாரத்தில் பழகிய பெஸ்ஸியின் சொற்கள் தெளிவாக நின்றன. இன்னொரு சங்கடமும் உண்டு. மெழுகைப் போட்டுக் கேட்டால் தடம் அழிந்துவிடும். அச்சுக்குப் போக வேண்டிய பதிவைப் பாடியவர் அங்கேயே கேட்டுத் திருத்திக்கொள்ள வழியில்லை.

பிப்ரவரி 15 அன்று பலமுறை பாடியும் ஒன்றும் தேறவில்லை. மறுநாள், கிளாரன்ஸ் வில்லியம்ஸின் பியானோவோடு ‘டவுன்ஹார்ட்டட் ப்ளூஸ்’ தேறியது. ஆல்பர்ட்டா ஹன்டரும் லவி ஆஸ்டினும் உருவாக்கிய பாடல், ஹன்டரே முந்தைய ஆண்டில் பாரமவுன்ட் நிறுவனத்துக்குப் பாடி வெளியானது. அதாவது சந்தைக்குப் புதிதல்ல. இருந்தும் பெஸ்ஸியின் தட்டு முதல் ஆறு மாதத்தில் 7,80,000 விற்றதாகக் கணக்கு.

பணம் எங்கே போயிற்று? முதல் ஒப்பந்தம் வில்லியம்ஸ் வழியாகப் போடப்பட்டது. பதிவுத் தொகையில் பாதி அவருடைய பைக்குப் போனது. பெஸ்ஸியும், அவர் விரைவில் மணக்கவிருந்த ஜேக் கீயும் வில்லியம்ஸின் அலுவலகத்துக்கே போய்ச் சண்டை போட்டு அதை முறித்தார்கள். பிறகு வாக்கர் நேரடி ஒப்பந்தம் போட்டார். தேறிய ஒவ்வொரு பாடலுக்கும் 125 டாலர், பின்னாளில் 200 வரை. ஆனால் அந்த ஒப்பந்தத்தில் ராயல்டி இல்லை. விற்பனை ஆயிரமானாலும் லட்சமானாலும் பாடகிக்கு ஒரே கூலி. கணக்குப் போட்டுப் பாருங்கள். அவர் மொத்தம் பதிவு செய்தவை சுமார் 160 பாடல்கள். எல்லாவற்றுக்கும் 200 டாலர் என்று தாராளமாக வைத்தாலும் 32,000 டாலர்தான் வரும். ஒரு தட்டின் கடை விலை 75 சென்ட். அந்த முதல் தட்டின் ஆறு மாத விற்பனை மட்டும் கடை விலையில் 5,85,000 டாலர். வில்லியம்ஸிடமிருந்து தப்பியது பெரிய வெற்றியாக அன்று தோன்றியிருக்கும். உண்மையான இழப்பு புதிய ஒப்பந்தத்துக்குள்ளேயே இருந்தது.

அவர் சம்பாதித்தது மேடையில். இசைத்தட்டு அவருக்கு விளம்பரம். கூட்டம் வந்தது அரங்குக்கு. கறுப்பின ரசிகர்களுக்கான அரங்குகளை இணைத்த டோபா (T.O.B.A.) என்ற சங்கிலி 1920 முதல் தெற்கிலும் நடுமேற்கிலும் நிகழ்ச்சிகளை அமர்த்தியது. அந்த நான்கெழுத்துச் சுருக்கத்துக்குக் ‘கறுப்புக் கலைஞரை வாட்டுவது’ என்று கலைஞர்கள் வேறு விரிவு சொல்லிவந்தார்கள். பெயர்பெற்ற பின் பெஸ்ஸி தனக்கென்று குழு வைத்து, கோடையில் தன் கூடாரத்தோடு கிளம்பினார். 1925இல் எழுபது அடிக்கு மேல் நீளமான ரயில் பெட்டி ஒன்றைச் சொந்தமாக வாங்கினார். ஆடம்பரம் என்று இதைச் சொல்வதுண்டு. தெற்கில் கறுப்பினத்தவருக்கு விடுதியில் அறை கிடையாது, உணவகத்தில் இடம் கிடையாது. முப்பது பேர் கொண்ட குழு இரவில் எங்கே படுக்கும், எங்கே சமைக்கும்? படுக்கை, சமையலறை, குளியலறை, கூடாரச் சாமான் எல்லாம் ஒரே பெட்டியில். ரயிலோடு கோத்துவிட்டால் அடுத்த ஊர். 1927இல் வட கரோலினாவின் கான்கார்டில் வெள்ளை இனவெறி அமைப்பான கு க்ளக்ஸ் க்ளானின் ஆட்கள் கூடாரத்தின் முளைகளைப் பிடுங்க வந்தபோது, இடுப்பில் கைவைத்து அவர்களைத் திட்டி விரட்டிவிட்டு உள்ளே திரும்பிப் பாட்டைத் தொடர்ந்தார் என்று உடனிருந்தோர் சொல்லியிருக்கிறார்கள். கூடாரம் அவர் முதலாளியாக இருந்த இடம். அதைக் காக்க அவருக்குக் காரணம் இருந்தது.

1925 மே மாதம் மைக்கும் மின்முறைப் பதிவும் வந்தன. எதிரொலி கெடுத்துவிடுமோ என்று அஞ்சிய பொறியாளர்கள் பதிவறையின் கூரையிலிருந்து கூம்பு வடிவத்தில் ஒரு துணிக் கூடாரத்தைத் தொங்கவிட்டு, பாடகியையும் வாத்தியக்காரர்களையும் அதற்குள் அடைத்தார்கள். வேலை நடக்கும்போதே அது எல்லோர் தலையிலும் சரிந்தது. கூடாரம் போயிற்று, மைக் நிலைத்தது. அதன் பிறகு வந்த தட்டுகளில் குரலின் அடித்தட்டும், பியானோவின் இடக்கையும் முதல்முறையாகக் கேட்டன. 1927 பிப்ரவரி 17 அன்று ஜேம்ஸ் பி. ஜான்சன் பியானோவோடு பதிவான ‘பேக்வாட்டர் ப்ளூஸ்’ அதற்குச் சிறந்த சாட்சி. மழையும் வெள்ளமும் ஜான்சனின் கீழ்க்கட்டைகளில் உறுமுகின்றன. அந்த ஆண்டின் மிசிசிப்பிப் பெருவெள்ளத்தைப் பற்றிய பாட்டு என்று இதைப் பலரும் எழுதுகிறார்கள். தேதி ஒத்துவராது. மிசிசிப்பியில் கரை பெரிதாக உடைந்தது ஏப்ரலில். 1926 கிறிஸ்துமஸ் சமயத்தில் நாஷ்வில்லில் கம்பர்லாண்ட் ஆறு கரைபுரண்டதுதான் இந்தப் பாட்டின் பின்னணி. பிறகு வந்த பெருவெள்ளம் பாட்டைத் தனதாக்கிக்கொண்டது.

மைக் பெஸ்ஸியின் பதிவுகளை மேம்படுத்தியது. அவர் தொழிலைக் குறுக்கவும் செய்தது. காதோடு பேசுவதுபோலப் பாடலாம் என்றானதும் ரசனை மாறியது. வானொலி, பேசும்படம் இரண்டும் அரங்குக் கூட்டத்தைப் பிரித்தன. ஈத்தல் வாட்டர்ஸைப் போல நாடக மேடைப் பாடல்களுக்கு நகர்ந்தவர்கள் தப்பினார்கள். 1929 மே மாதம், பங்குச்சந்தை சரிவதற்கு ஐந்து மாதம் முன்பு, கையில் காசில்லாதவனை யாருக்கும் தெரியாது என்ற பொருள்படும் ‘நோபடி நோஸ் யூ வென் யூ ஆர் டவுன் அண்ட் அவுட்’ பாடலைப் பதிந்தார். அமெரிக்காவில் 1927இல் 10 கோடியைத் தாண்டியிருந்த இசைத்தட்டு விற்பனை 1932இல் 60 லட்சமாகச் சுருங்கியது. 1931இல் கொலம்பியா அவரை விடுவித்தது. டோபாவும் அதே சமயத்தில் கலைந்தது. குரல் போய்விட்டதால் வாய்ப்புப் போயிற்று என்று சிலர் எழுதுவது தவறு. 1933 நவம்பர் 24 பதிவைக் கேட்டால் தெரியும். இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ஜான் ஹாமண்ட் ஏற்பாட்டில் ஓகேவுக்கு நான்கு பாடல்கள், பாடலுக்கு 37.50 டாலர். சூ பெர்ரி, ஃப்ராங்கி நியூட்டன், ஜேக் டீகார்டன் போன்ற, ஸ்விங் என்ற புதிய ஜாஸ் பாணிக் காலத்து இளைஞர்கள் உடன் வாசிக்கிறார்கள். பெஸ்ஸி அவர்களைவிட வேகமாகப் புதுக் காலத்துக்குள் நுழைந்துவிடுகிறார். மூன்று நாள் கழித்து, அதே ஹாமண்ட் ஏற்பாட்டில் பில்லி ஹாலிடே தன் முதல் பதிவைச் செய்தார். பெஸ்ஸிக்கோ அதுவே கடைசிப் பதிவு.

1937 செப்டம்பர் 26 விடியலுக்கு முன், மெம்ஃபிஸுக்கும் கிளார்க்ஸ்டேலுக்கும் இடையே 61ஆம் எண் நெடுஞ்சாலையில், துணைவர் ரிச்சர்ட் மார்கன் ஓட்டிய கார் ஒரு லாரியில் மோதியது. பெஸ்ஸியின் வலக்கை முழங்கையருகே கிட்டத்தட்டத் துண்டானது. அந்த வழியே வந்த டாக்டர் ஹியூ ஸ்மித் முதலுதவி செய்தார். கிளார்க்ஸ்டேலில் கறுப்பின மக்களுக்கான ஜி. டி. தாமஸ் மருத்துவமனைக்குக் கொண்டுசென்றார்கள். கையை எடுத்தும் பயனில்லாமல் முற்பகலில் இறந்தார். வெள்ளையர் மருத்துவமனை சேர்க்க மறுத்ததால் இறந்தார் என்று ஹாமண்ட் ‘டவுன்பீட்’ இதழில் கேள்விப்பட்டதை எழுதினார், உலகம் அதையே பிடித்துக்கொண்டது. அவரை அங்கே கொண்டுசெல்லவே இல்லை. அன்றைய மிசிசிப்பியில் கறுப்பினப் பெண்ணொருத்தியை வெள்ளையர் மருத்துவமனைக்குக் கொண்டுபோக எந்த ஆம்புலன்ஸ் ஓட்டுநரும் நினைத்தே பார்த்திருக்க மாட்டார் என்று டாக்டர் ஸ்மித் பின்னாளில் விளக்கினார். இது கதையைவிடக் கொடியது. யாரும் மறுக்கத் தேவைப்படாத அளவுக்குப் பிரிவினை ஊறிப்போயிருந்தது. ஃபிலடெல்ஃபியாவில் அவரைப் பார்க்க ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். ஆனால் கல்லறையில் பெயர்க்கல் எழ 1970 ஆகஸ்ட் ஆயிற்று. செலவைப் பகிர்ந்தவர்கள் பாடகி ஜானிஸ் ஜாப்ளினும், சிறுமியாக இருந்தபோது பெஸ்ஸியின் வீட்டில் வேலை செய்த ஹுவானிட்டா கிரீனும்.

இன்று கேட்கத் தொடங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1925 மே மாதத்துக்கு முந்தைய கொலம்பியா தட்டுகள் பொதுவாக நிமிடத்துக்கு 80 சுற்று வேகத்துக்கானவை. அவற்றை 78இல் ஓட்டி இணையத்தில் ஏற்றியவை ஏராளம். சுருதி அரைச் சுரத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கிவிடும், மூன்று நிமிடப் பாட்டு நாலரை விநாடி நீளும். ஏற்கெனவே நிதானமான பாடல் சோம்பலாகவும் குரல் கூடுதல் கனமாகவும் கேட்கும். ஒரே பாடலின் இரண்டு பிரதிகள் வெவ்வேறு நீளம் காட்டினால், குறுகியதை முதலில் கேட்டுப் பாருங்கள். இரைச்சலை அடியோடு துடைத்த பிரதிகளையும் தவிர்ப்பது நல்லது. இரைச்சலோடு சேர்த்து மூச்சும் போய்விடுகிறது, பெஸ்ஸி வரியின் நடுவே மூச்செடுக்கும் இடம்தான் நாம் கேட்க வேண்டியது. 1925இன் ‘செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்’ கேட்டபின், 1929இல் அதே பெயரில் டட்லி மர்ஃபி இயக்கிய 16 நிமிடக் குறும்படத்தைப் பாருங்கள். பெஸ்ஸி அசைந்து பேசிப் பாடும் ஒரே படம் அது. மதுக்கடை மேடையில் சாய்ந்தபடி அவர் வரியை எடுக்கும்போது, பின்னால் ஒரு பெரிய பாடகர் குழுவே பதில் சொல்கிறது, பதிவறையில் ஆம்ஸ்ட்ராங் தனியாகச் சொன்ன அதே இடத்தில்.